டால்டனின் தகடு

பறக்கும் விமானத்துக்கும் கீழே இருக்கும் தரைக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் கிடையாது. விமானம் காற்றுக்குள் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் நகர்ந்தாலும் விமானத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். காவிரியில் பரிசல் ஓட்டுபவருக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். எதிர்க்கரைப் படித்துறைக்குப் போக வேண்டுமானால் அவர் படித்துறையைப் பார்த்துத் துடுப்புப் போடமாட்டார். நீர் வரும் திசைப் பக்கம் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துத்தான் போடுவார். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதைக் கண்ணே சொல்லிவிடும், கரை எதிரிலேயே இருப்பதால். மேகத்துக்கு மேலோ நடுக்கடலிலோ நள்ளிரவிலோ பறப்பவருக்கு அப்படி ஒரு கரை கிடையாது. அவர் கணக்குப் போட்டாக வேண்டும்.

அந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்த ஒரு தகட்டின் கதை இது. விமானிகள் அதை ஈ-6பி என்பார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டு ஒன்று. அதன் நடுவே நுழைந்து மேலும் கீழும் ஓடும் நீளமான அட்டை ஒன்று. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். 1930களின் கடைசியில் பிறந்தது, இன்றும் கடையில் புதிதாக வாங்கலாம்.

முதலில் கணக்கு என்னவென்று பார்த்துவிடலாம். அதில் மூன்று அம்புகள். விமானத்தின் மூக்கு பார்க்கும் திசையும் காற்றுக்குள் அது போகும் வேகமும் சேர்ந்தது முதல் அம்பு: ஹெட்டிங், ட்ரூ ஏர்ஸ்பீடு. காற்று வீசும் திசையும் வேகமும் இரண்டாவது. இவை இரண்டும் கூடித் தருவது மூன்றாவது: தரைமேல் விமானம் உண்மையில் போகும் பாதையும், தரையை அது கடக்கும் வேகமான கிரவுண்ட் ஸ்பீடும். மூன்றையும் சேர்த்து வரைந்தால் முக்கோணம். அதில் நான்கு அளவுகள் தெரிந்தால் மீதி இரண்டும் கிடைக்கும். பள்ளியில் முக்கோணவியல் படித்தவர் யாரும் மேஜையில் உட்கார்ந்து போட்டுவிடலாம். கஷ்டமெல்லாம் மேஜை இல்லாததுதான். திறந்த காக்பிட்டில், கையுறை மாட்டிய விரல்களோடு, பெட்ரோல் குறைந்துகொண்டே போகும்போது சைன் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

முதல் உலகப்போர்க் காலத்திலேயே இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. பிரிட்டனில் ஹாரி விம்பெரிஸ் 1917 வாக்கில் செய்த குண்டுவீச்சுக் குறிநோக்கி, காற்றின் தள்ளலையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 1922இல் லிஸ்பனிலிருந்து ரியோ டி ஜெனீரோவுக்குத் தென் அட்லாண்டிக்கைத் தாண்டிய போர்ச்சுகீசியர் இருவர், ககோ கூட்டின்யோவும் சக்கதூரா கப்ராலும், காற்றால் விலகும் பாதையைத் திருத்திக்கொள்ளத் தாங்களே வடிவமைத்த கருவி ஒன்றைக் கொண்டுபோனார்கள். வழியில் இரண்டு விமானங்களை இழந்து மூன்றாவதில் போய்ச் சேர்ந்தார்கள் என்றாலும், கடல் நடுவே ஊசிமுனை போலத் தெரியும் பாறைத் தீவுகளைத் தேடிப் பிடித்தது அந்தக் கணக்கு. அவரவர் அவரவர் பெட்டியில் எதையோ செய்து வைத்திருந்த காலம் அது. நம் நாட்டில் 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு முதல் தபால் விமானத்தை ஓட்டிவந்தபோது அவரிடம் இருந்த நேவிகேஷன் சாதனம் ஒரு ஸ்லைடு ரூல்தான் என்பார்கள். அதே தபாலை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட்.

ஸ்லைடு ரூலுக்கும் பழைய வம்சாவளி உண்டு. 1614இல் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டார். அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வில்லியம் ஆட்ரெட் மடக்கை அளவுகளை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்திப் பெருக்கல் வகுத்தல் செய்யும் வழியைக் கண்டார். அதையே வட்டமாகச் சுருட்டியும் செய்யலாம் என்று காட்டினார். நீளக் கோலைவிட வட்டம் காக்பிட்டுக்குப் பொருத்தமானது. ஒரு கையால் திருகலாம். அளவின் முடிவைத் தாண்டிப் போய்விட்டது என்ற பிரச்சினையும் வராது, வட்டத்துக்கு முடிவே இல்லையே.

இந்த இரண்டையும், முக்கோணத்தையும் வட்டத்தையும், ஒரே பொருளின் இரண்டு முகமாக ஆக்கியவர் பிலிப் டால்டன். 1903இல் பிறந்த அமெரிக்கர். கார்னெல், பிரின்ஸ்டன், ஹார்வர்ட் என்று பெரிய இடங்களில் படித்த பொறியாளர், அமெரிக்கக் கடற்படையின் ரிசர்வ் அதிகாரி, விமானியும்கூட. 1933இல் 'மாடல் பி' என்று ஒரு வட்ட ஸ்லைடு ரூலைக் கொண்டுவந்தார். உயரத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப வேகக் கருவி காட்டும் எண்ணைத் திருத்தும் அளவுகள் அதில் இருந்தன. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் கருவி காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறைந்துகொண்டே வரும். ஆயிரம் அடிக்குச் சுமார் இரண்டு சதவீதம். அந்தத் திருத்தத்தை ஒரே திருகலில் முடித்துக்கொடுத்ததால் விமானிகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

டால்டனோடு சேர்ந்தவர் பிலிப் வான் ஹார்ன் வீம்ஸ். கடற்படை அதிகாரி, அந்நாளில் நேவிகேஷன் என்றாலே அமெரிக்காவில் இவர் பெயரைச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆசிரியர். அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டிய சார்லஸ் லிண்ட்பெர்க், அதற்கு அடுத்த ஆண்டு 1928இல் இவரிடம் உட்கார்ந்து பாடம் கற்றார். டால்டன் கண்டுபிடிப்பார், வீம்ஸ் விற்பார், கற்றுக்கொடுப்பார். நல்ல ஜோடி. கண்டுபிடித்தவருக்குப் பக்கத்தில் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தது இந்தக் கருவியின் பெரிய அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். எத்தனையோ நல்ல கருவிகள் அந்த ஒரு ஆள் இல்லாமல் பெட்டியிலேயே மங்கிப்போயிருக்கின்றன.

மாடல் பியின் முதுகில் காற்றுக் கணக்குக்கான வரைபடத்தைப் போட்டார் டால்டன். பிறகு மார்க் 7 வந்தது. ராணுவம், பயணிகள் விமான நிறுவனங்கள் இரண்டுமே அதை விரும்பி வாங்கின. 1937 ஜூலை 2 அன்று நியூகினியின் லே ஊரிலிருந்து ஹவ்லண்ட் தீவை நோக்கிக் கிளம்பி, பசிபிக்கில் காணாமல் போன அமேலியா இயர்ஹார்ட்டின் நேவிகேட்டர் ஃபிரெட் நூனன் ஒரு மார்க் 7 வைத்திருந்தார் என்பது இந்தக் கருவியின் வரலாற்றை எழுதுபவர்கள் தவறாமல் குறிப்பிடும் செய்தி. கடலில் ஒரு பொட்டு மாதிரி இருக்கும் தீவைத் தேடிப் போனவர்கள் அவர்கள். காற்று எவ்வளவு தள்ளியது என்ற ஒரே கேள்வியில் உயிர் ஊசலாடும் பயணம் அது.

டால்டனுக்கோ மார்க் 7 திருப்தி தரவில்லை. அவசரத்தில் செய்தது என்று நினைத்தார். இன்னும் துல்லியம் வேண்டும், இன்னும் சுலபம் வேண்டும், வேகமாகிக்கொண்டே போகும் விமானங்களுக்கு ஈடுகொடுக்கவும் வேண்டும். காற்று முக்கோணம் முழுவதையும் தகட்டில் வரைய இடம் போதாது. ஆனால் அதன் ஒரு முனைதானே விமானிக்கு வேண்டும்? முக்கோணத்தின் அந்தப் பகுதிக்கு மட்டும், வேகத்தைக் காட்டும் வளைகோடுகளையும் கோணத்தைக் காட்டும் விரிகோடுகளையும் அச்சிட்டுவிட்டால் போதும். முதலில் அந்த வலையைத் துணிப்பட்டை ஒன்றில் அச்சிட்டு, சதுரப் பெட்டிக்குள் முடிவில்லாமல் சுற்றிவரும்படி வைத்து, ஒரு திருகால் உருட்டும்படி செய்தார். 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், அடுத்த ஆண்டு கிடைத்தது. அந்தத் துணிப்பட்டைக் கருவி பிரிட்டிஷ் காமன்வெல்த் நாடுகளிலும் அமெரிக்கக் கடற்படையிலும் பரவியது. ஜப்பானியர்கள் நகலெடுத்தார்கள்.

அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவுக்கு மட்டும் அது கட்டுப்படியாகவில்லை. செய்யச் செலவு அதிகம் என்றார்கள். டால்டன் பெட்டியையும் துணியையும் தூக்கிப் போட்டார். வலையைத் தட்டையான, விறைப்பான அட்டையில் அச்சிட்டு, வட்டுக்குள் நுழைத்து, மேலும் கீழும் தள்ளும்படி ஆக்கினார். பின்பக்கத்தில் தன் பழைய மாடல் பி வட்டத்தையே வைத்தார். 1937இல் செய்த இந்த மாதிரிக்கு ராணுவம் ஈ-6ஏ என்று பெயர் வைத்தது. விலையைக் குறைக்கச் சொன்ன நெருக்கடியில்தான் இந்தப் பொருளுக்கு இன்றைய வடிவம் வந்தது. பெட்டி போனதும் உள்ளே நடப்பது எல்லாம் வெளியே தெரிந்தது. மூலக் கருவியைவிட இந்த ஏழைத் தம்பிதான் அழகு.

1938இல் ராணுவம் முறையான விவரக்குறிப்பு எழுதியது. சில மாற்றங்கள் கேட்டது. அவற்றில் ஒன்று: வட்டத்தின் உச்சியில் டால்டன் 60 என்ற எண்ணை வைத்திருந்தார், அதை எடுத்துவிட்டு 10 வைக்கச் சொன்னார்கள். ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்பதே விமானியின் அன்றாடக் கணக்கு. டால்டன் வைத்ததில் நியாயம் இருந்தது. 10 உச்சியில் இருந்தால் ஸ்லைடு ரூல் பழகிய கைக்கு இயல்பாக இருக்கும், அதிலும் நியாயம் உண்டு. மாற்றிய வடிவம் 1940இல் ஈ-6பி என்ற பெயரில் ராணுவத்துக்குள் நுழைந்தது. பெயரில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. பி என்றால் உற்பத்திக்குப் போன மாதிரி, அவ்வளவுதான்.

இனித் தகட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து திருச்சிக்கு ஒரு சின்னப் பயிற்சி விமானம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் 159 கடல் மைல். வரைபடத்தில் கோடு போட்டால் திசை 213 டிகிரி, அதாவது தென்மேற்கு. கோடு திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் ஒட்டியே போகும். விமானத்தின் உண்மை வேகம் 100 நாட், அதாவது மணிக்கு 100 கடல் மைல். தென்மேற்குப் பருவக்காலம், 270 டிகிரியிலிருந்து, நேர் மேற்கிலிருந்து, 20 நாட் காற்று.

காற்றை மறந்துவிட்டு 213 டிகிரியிலேயே மூக்கை வைத்தால் என்ன ஆகும்? 100 நாட்டில் 159 மைலுக்கு 95 நிமிடம். 95 நிமிடம் கழித்துக் கீழே பார்த்தால் திருச்சி இருக்காது. அந்த நேரத்தில் காற்று விமானத்தைக் கிழக்கே கிட்டத்தட்ட 32 கடல் மைல், 59 கிலோமீட்டர், தள்ளியிருக்கும். தஞ்சாவூரையும் தாண்டி, நீடாமங்கலம் போகும் வழியில், வயல்களுக்கு மேலே விமானம் இருக்கும். மலைக்கோட்டையைத் தேடும் மாணவருக்குக் காவிரி டெல்டாவின் வாய்க்கால்கள்தான் கண்ணில் படும்.

இதைத் தவிர்க்க, தகட்டின் காற்றுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். நடுவே மங்கலான கண்ணாடி போன்ற வட்டு. மையத்தில் ஒரு சின்ன வளையம். வட்டைச் சுழற்றி 270ஐ உச்சிக் குறிக்கு நேரே கொண்டுவர வேண்டும். அட்டையை நகர்த்தி மைய வளையத்தை 100 என்ற கோட்டில் வைத்து, அங்கிருந்து நேர் மேலே 20 அளவு எண்ணி, 120இல் பென்சிலால் ஒரு புள்ளி. மென்மையான பென்சிலாக இருந்தால் நல்லது. வேலை முடிந்ததும் கட்டைவிரலால் துடைத்துவிடலாம். அதுதான் காற்று. இப்போது வட்டைச் சுழற்றி 213ஐ உச்சிக்குக் கொண்டுவந்தால் புள்ளி வலப்பக்கம் இறங்கும். விமானத்தின் வலப்பக்கத்திலிருந்து, கொஞ்சம் முன்னாலிருந்து காற்று வருகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். கடைசியாக அட்டையைத் தள்ளிப் புள்ளியை 100 நாட் வளைகோட்டில் உட்கார வைக்க வேண்டும். மைய வளையத்தின் கீழே 88 வரும்: அதுவே கிரவுண்ட் ஸ்பீடு. நடுக்கோட்டிலிருந்து புள்ளி எத்தனை விரிகோடு தள்ளி நிற்கிறது? ஏறத்தாழ 10 டிகிரி, வலப்பக்கம். 213ஓடு 10ஐக் கூட்டினால் ஹெட்டிங் 223. சைன் இல்லை, காஸ் இல்லை, பழகிய கைக்கு அரை நிமிடம் போதும்.

தகட்டைத் திருப்பி வட்டப் பக்கத்தில் 60ஐக் குறிக்கும் அம்பை 88க்கு நேரே வைத்தால், வெளிவட்டத்தில் 159க்குக் கீழே உள்வட்டத்தில் 108 நிற்கும். ஒரு மணி 48 நிமிடம். காற்றில்லாமல் 95 நிமிடம் என்று நினைத்துப் பெட்ரோல் போட்டவருக்கு 13 நிமிடம் பற்றாக்குறை. வட்டத்தில் 15.9, 159, 1590 எல்லாம் ஒரே இடம்தான். புள்ளி எங்கே வைப்பது என்பதை ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். விடை கிட்டத்தட்ட என்ன வரும் என்று மனதில் போட்டுப் பார்க்காமல் இந்தத் தகட்டை யாரும் பயன்படுத்த முடியாது. குறை என்று சிலர் சொல்வார்கள். விமானிக்கு இதைவிட நல்ல பழக்கம் வேறு இருக்க முடியாது என்பேன்.

திண்டிவனம் 54 மைலில் வருகிறது. 88 நாட்டில் 37ஆவது நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். 40ஆவது நிமிடத்தில்தான் வந்தது என்றால்? வெளிவட்டத்தின் 54ஐ உள்வட்டத்தின் 40க்கு நேரே வைத்து, 60 அம்பில் படித்தால் உண்மை கிரவுண்ட் ஸ்பீடு 81. காற்று சொன்னதைவிடப் பலமாக எதிர்க்கிறது. மீதி 105 மைலுக்கு 78 நிமிடம். வரும் நேரத்தைத் திருத்தி, எரிபொருளைத் திரும்பக் கணக்கிட்டு, போவதா திரும்புவதா என்று அங்கேயே முடிவெடுக்கலாம்.

தகடு ராணுவத்துக்குள் நுழைந்த மறு ஆண்டு, 1941 ஜூலையில், டால்டன் இறந்துபோனார். மாணவர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். விமானத்தைச் சுழன்று விழவிட்டு மீட்கும் ஸ்பின் பயிற்சி. விமானம் மீளவில்லை. 38 வயதுக்கு மேல் ஆகியிருக்காது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் அந்த டிசம்பரில். அதற்குப் பிறகுதான் ராணுவம் ஈ-6பிக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தது. போர் முடிவதற்குள் நான்கு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. தன் கையிலிருந்து போன பொருள் இப்படிப் பெருகியதை டால்டன் பார்க்கவே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

போர்க்காலத் தகடுகள் பெரும்பாலும் ஒருவகைப் பிளாஸ்டிக். இரவில் காக்பிட்டில் புற ஊதா விளக்கு போட்டால் அந்தப் பிளாஸ்டிக் தானே ஒளிரும். வெள்ளை விளக்கால் கண் கூசி இருட்டைப் பார்க்கும் திறன் போய்விடாது. குண்டுவீச்சு விமானங்களில் நேவிகேட்டருக்குத் தனி மேஜை இருந்தது. அங்கே அவர் கணக்கைத் திருப்பிப் போடவும் செய்தார். காற்று தெரியாத இடத்தில், போகும் வழியிலிருந்து ஒரு பக்கம் 45 டிகிரி திரும்பிக் கொஞ்ச நேரம், பிறகு மறுபக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பறப்பார்கள். இரண்டு திசையிலும் தரையோ கடலோ பக்கவாட்டில் எத்தனை டிகிரி நழுவுகிறது என்று டிரிஃப்ட் மீட்டரில் பார்த்து, தகட்டின் மங்கல் வட்டில் இரண்டு கோடு இழுத்தால், அவை வெட்டும் இடம்தான் காற்று. முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களையும் அளந்து காற்றைக் கண்டுபிடிக்கும் இந்த வித்தையைச் சுமார் ஐம்பதாயிரம் அமெரிக்க ராணுவ நேவிகேட்டர்கள் கற்றார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் இதே கணக்கு நடந்தது. ஜெர்மனியில் சீக்ஃப்ரீட் க்னேமையர் முழு வட்ட வடிவில், முக்கோணக் கணிப்பான் என்ற பொருளில் 'டிரைஎக்ரெக்னர்' என்று ஒன்றைச் செய்தார். ஜெர்மன் விமானிகள் கையில் அது இருந்தது. போர் முடிந்ததும் க்னேமையரை அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுக்கே அழைத்துப் போனார்கள். பிற்பாடு இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க விமானப்படைக்காக வேலை பார்த்தார்.

எந்தக் கணக்கும் கொடுத்த எண்ணைப் பொறுத்தது என்பதையும் போர் காட்டியது. 1944 நவம்பர் 24 அன்று டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருந்த முசாஷினோ எஞ்சின் தொழிற்சாலையைத் தாக்க 111 பி-29 விமானங்கள் கிளம்பின. முப்பதாயிரம் அடி உயரத்தில் யாரும் எதிர்பார்க்காத காற்று பின்னாலிருந்து பிடித்துத் தள்ள, கிரவுண்ட் ஸ்பீடு மணிக்கு 445 மைல்வரை போனது. குறி பார்க்கும் கருவிகள் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. வெறும் 24 விமானங்களே தொழிற்சாலைமேல் குண்டு போட்டன. அந்தக் காற்றோட்டத்தை ஜப்பானில் ஏற்கெனவே ஒருவர் அளந்திருந்தார். வசாபுரோ ஓயிஷி, தத்தேனோ ஆய்வகத்திலிருந்து 1920களில் பலூன் விட்டுவிட்டு அளந்து, உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அநேகமாக யாருமே படிக்கவில்லை. எண் இருந்தது, அது வேண்டியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

தகட்டின் பெயரை மாற்ற ராணுவம் பலமுறை முயன்றது. 1943இல் ஒரு பெயர், அடுத்த ஆண்டு வாக்கில் வேறு, 1948இல் இன்னொன்று, 1953இல் எம்பி-4, 1958இல் சிபியு-26. வீம்ஸ்கூடத் திருத்திய பதிப்புகளுக்கு ஈ-6சி, ஈ-10 என்றெல்லாம் பெயர் வைத்துப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. போரிலிருந்து திரும்பியவர்கள் ஈ-6பி என்றே கேட்டு வாங்கினார்கள். அச்சில் ஓரிரு ஆண்டுகளே இருந்த பெயர் நாக்கில் நிலைத்துவிட்டது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கின, அலுமினியத்திலும் வந்தது. டால்டன் பெயர் தகட்டிலிருந்து மெல்ல உதிர்ந்தது. வட்டப் பக்கம் மட்டும் தனியாகப் பிரிந்து கைக்கடிகாரத்தில் ஏறியது: 1952இல் வந்த பிரைட்லிங் நேவிடைமரின் விளிம்பில் ஓடும் எண்கள் அதன் உறவுதான். 1966இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில், எதிர்கால விண்கலத்தில் ஸ்பாக் என்ற பாத்திரத்தின் கையிலும் ஓர் ஈ-6பியைக் காணலாம்.

இன்று விமானத்தில் ஜிபிஎஸ் இருக்கிறது. கிரவுண்ட் ஸ்பீடு திரையிலேயே வருகிறது. இதே கணக்கைப் போடும் மின்னணுக் கருவிகளும் செயலிகளும் உண்டு. 270, 20, 213, 100 என்று தட்டினால் 223, 88 என்று வந்துவிடும். அப்புறம் இந்தத் தகடு எதற்கு என்று மாணவர்கள் கேட்பதில் தவறில்லை. என் பதில் இது. 270க்குப் பதிலாகக் கை தவறி 090 என்று தட்டினாலும் செயலி 203 என்று சலனமில்லாமல் ஒரு விடை சொல்லும். தகட்டில் அந்தத் தவறு நடந்தால் புள்ளி இடப்பக்கம் போய் நிற்கும். மேற்கிலிருந்து காற்று வருவது தெரிந்தவர் அதைப் பார்த்த கணமே கையை நிறுத்திவிடுவார். செயலி விடையை மட்டும் கொடுக்கிறது. தகடு கேள்வியையும் கூடவே காட்டிக்கொண்டு நிற்கிறது. வணிக விமானி உரிமத்துக்கு நேவிகேஷன் பாடம் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதையோ, இதன் பிரிட்டிஷ் உடன்பிறப்பான சிஆர்பி-5ஐயோ வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் கணக்குப் போட்டுப் பழகுவது வீண் சடங்கு இல்லை. பத்து இருபது போட்ட பிறகு தகட்டை எடுக்காமலேயே புள்ளி எங்கே விழும் என்று மனம் சொல்லத் தொடங்கும். கற்பிப்பவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பெரிய பயணிகள் விமானத்தின் கணினிக்கும் முக்கோணத்திலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. அது போர்க்காலத்து நேவிகேட்டர் செய்த மாதிரி கணக்கைத் திருப்பிப் போடுகிறது. மூக்கின் திசையும் காற்றுக்குள் வேகமும் விமானத்தின் சொந்தக் கருவிகளிலிருந்து கிடைக்கின்றன. தரைமேல் பாதையும் வேகமும் ஜிபிஎஸ்ஸிலிருந்து. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிச்சம் காற்று. விமானி முன்னால் திரையில் ஒரு சின்ன அம்பும் எண்ணுமாக அது தோன்றுகிறது. பல விமானங்கள் அந்த அளவைத் தாமாகவே தரைக்கும் அனுப்புகின்றன. வானிலை மையங்கள் அவற்றைத் தங்கள் முன்கணிப்பு மாதிரிகளில் சேர்த்துக்கொள்கின்றன. மறுநாள் கிளம்பும் விமானத்துக்கு எத்தனை டன் எரிபொருள் என்று முடிவு செய்யும் மேல்காற்று முன்னறிவிப்பில் முந்தின நாள் பறந்தவர்களின் முக்கோணங்கள் கலந்திருக்கின்றன.

2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது ஐரோப்பிய வானில் இந்த அளவுகள் சில வாரங்களுக்குள் பாதிக்கும் கீழே போய்விட்டன. முன்கணிப்பு மையங்கள் கவலைப்பட்டன. இடைவெளியை நிரப்ப அங்கே சில நாடுகளின் வானிலைத் துறைகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பலூன்களைப் பறக்கவிட்டன.